கேப்சர் கார்டும் அனாமத்துக் கணக்கும்

பி.காம் படிக்கிறவன் கேப்சர் கார்டு பத்திப் பதிவு போட்டா ஊர் சிரிக்கும்னு தெரியும். சிரிச்சுட்டே படிங்க, நடுவுல ஒரு அக்கவுண்டன்சி பாடமும் வருது :-)

"லினக்ஸ்ல எல்லாம் வீடியோ கேப்சர் சரியா வராது தம்பி. அதுவும் பழைய கேசட்டு. இவ்ளோதான் வரும்."

வடசென்னையில ஒரு கடையில எங்கிட்ட சொன்னது இது. லினக்ஸ் குற்றவாளி, கேசட் குற்றவாளி, மேல்முறையீடு கிடையாது. விசாரணையே இல்லாம மூணு தீர்ப்பு.

என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். கேப்சர் பண்ண படம் மோசமா இருந்தா, பெரும்பாலும் தப்பு லினக்ஸ்லயும் இல்ல, கார்டுலயும் இல்ல. கேசட்டுக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் நடுவுல எங்கயோ ஒரு இடத்துல இருக்கு. அந்த இடத்தைத் தேடாம, படத்தை அப்புறமா சாப்ட்வேர்ல பவுடர் பூசி அழகு பண்றோமே, அதுதான் உண்மையான தப்பு. ஏன் இவ்ளோ கோவம்னா, அதுக்கு முதல்ல கேசட்டோட கதையைச் சொல்லணும்.

ஒரு கல்யாணக் கேசட்

1999-ல எங்க நைனாவுக்கும் அம்மாவுக்கும் கல்யாணம். எண்ணூர்ல கடலை ஒட்டின குப்பம். மூணு மணி நேர விஎச்எஸ் கேசட்டு. ரோஜாப்பூ விரிஞ்சு அதுக்குள்ள மாப்பிள்ளை முகம் வர்ற மிக்ஸிங் எல்லாம் உண்டு. எங்க தாத்தா 2001-ல போயிட்டார், நான் பொறந்தது 2004-ல. தாத்தாவுக்குன்னு வீட்ல இருக்கறது ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, அப்புறம் இந்தக் கேசட்டு. அவர் நடந்து நான் பாக்கணும்னா இதுல மட்டும்தான் பாக்க முடியும்.

இன்னொன்னும் இதுல இருக்கு. மாப்பிள்ளை அழைப்பு கடற்கரை ஓரமாப் போகுது. பின்னாடி அகலமா மணல், அதுல கட்டுமரம் வரிசையா நிக்குது. இன்னிக்கு அங்க போனா கருங்கல்லுதான் கொட்டிக் கிடக்கும். நம்ம கடற்கரையில மணல் வருஷம் முழுக்கப் பாத்தா தெக்குலேருந்து வடக்கால நகருது. 19-ஆம் நூற்றாண்டோட கடைசியில சென்னைத் துறைமுகத்தைக் கட்டினதும் மணல் தெக்குப் பக்கம் தங்கி மெரினா அகலமாச்சு. வடக்குல ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்னு கடல் உள்ள வர ஆரம்பிச்சுது. அதுக்கப்புறம்தான் கல்லு, தூண்டில் வளைவு எல்லாம். கேசட்டுல தூரத்துல புகை விடற எண்ணூர் அனல் மின் நிலையத்தையும் 2017-ல மூடிட்டாங்க.

அன்னிக்கு வீடியோக்காரர் மணலைப் படம் எடுக்கல, மாப்பிள்ளையைத்தான் எடுத்தார். ஆனா எங்க ஊரு கடற்கரை எப்படி இருந்துச்சுன்னு அசையற படமா காட்ட, இந்த மாதிரி கல்யாணக் கேசட்டோட ஓரங்களை விட்டா எங்க வீட்ல வேற எதுவும் கிடையாது.

கடையில கொடுத்தேன். டிவிடி வந்துச்சு. யாராவது கை அசைச்சா ரெண்டு கை தெரியுது. எல்லார் வேட்டியும் வெள்ளைச் சுவரு மாதிரி, மடிப்பே இல்ல. தாத்தா வர்ற இடத்துல ஆயா கொஞ்ச நேரம் உத்துப் பாத்துட்டு, "இவரு யாருடா?"ன்னு கேட்டாங்க. அப்பதான் சரி, நாமே இறங்கிடலாம்னு முடிவு பண்ணேன்.

கையில இருந்த ஆயுதம்

அக்காவுக்குப் பள்ளிக்கூடத்துல கொடுத்த அரசு மடிக்கணினி வீட்ல சும்மா கிடந்துச்சு. 2011-ல ஆரம்பிச்ச அந்தத் திட்டத்துல விண்டோஸோட பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தாங்க, ஞாபகம் இருக்கா? சென்னை சி-டாக்ல உருவான லினக்ஸ் அது. நம்மாளுங்க பாதிப் பேர் அதைத் தொடவே இல்ல. நான் அந்தப் பொட்டியில டெபியன் போட்டுக்கிட்டேன். பக்கத்து வீட்டுப் பரண்லேருந்து ஒரு டெக் இறங்குச்சு. ஒரு காலத்துல டிவியையும் டெக்கையும் சேத்து வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூணு படம் பாத்த கதையெல்லாம் பெருசுங்க சொல்லக் கேட்டிருப்பீங்களே, அந்த டெக்குதான். ரிச்சி தெருவுல ஒரு யூஎஸ்பி கேப்சர் கார்டு வாங்கினேன். மொத்தச் செலவு அந்தக் கார்டும் ஒரு வயரும்.

மாட்டின உடனே வந்த படம், கடை டிவிடியை விடக் கேவலம். கறுப்பு வெள்ளையில மேலேருந்து கீழ உருளுது. "பாத்தியா, கடைக்காரர் சொன்னது சரிதான்"னு நைனா பேப்பருக்குள்ள போயிட்டார்.

இப்ப அக்கவுண்டன்சி

பிளஸ் ஒன்ல படிச்சிருப்பீங்க. இருப்பாய்வுல ரெண்டு பக்கமும் ஒத்துப் போகலைன்னா, வித்தியாசத்தை அனாமத்துக் கணக்குல போட்டு வைப்போம். அது தற்காலிகம்தான். அப்புறம் ஒவ்வொரு பதிவாத் தேடி, பிழையைக் கண்டுபிடிச்சு, திருத்தப் பதிவு போட்டு, அனாமத்தை மூடணும். தேடாம அப்படியே விட்டுட்டா என்ன ஆகும்? பாக்கறதுக்குக் கணக்கு ஒத்துப் போகும். ஆனா புத்தகம் முழுக்கப் பொய்.

படத்துல இரைச்சல் இருக்கா, இரைச்சல் நீக்கி. மங்கலா இருக்கா, ஷார்ப்னஸ். கலர் செத்துப் போச்சா, சாச்சுரேஷன். இதெல்லாமே அனாமத்துக் கணக்குதான் மக்களே. பிழை இருக்கற இடத்துலயே இருக்கும், நீங்க மேல துணி போத்தறீங்க.

ஆடிட்டர் மாதிரி வவுச்சர் வவுச்சராப் போகணும்னா சங்கிலியைப் பிரிக்கணும். கேசட், டெக், வயர், கார்டு, டிரைவர், டிஸ்க். ஆறு கண்ணி. ரெண்டே சோதனையில பாதி முடிஞ்சிடும். ஒண்ணு, டெக்கை நேரா டிவியில மாட்டுங்க. டிவியிலயும் படம் மோசம்னா கார்டைத் திட்டறது வேஸ்ட். ரெண்டு, டெக்குக்குப் பதிலா ஒரு டிவிடி பிளேயரையோ செட்டாப் பாக்ஸையோ கார்டுல மாட்டுங்க. அது பளிச்சுன்னு வந்தா கார்டும் லினக்ஸும் நிரபராதி. ஒரு நேரத்துல ஒரே ஒரு பொருளைத்தான் மாத்தணும். மூணை ஒண்ணா மாத்திட்டு "சரியாயிடுச்சு"ன்னா எது சரியாச்சுன்னு உங்களுக்கே தெரியாது.

படம் உருண்டது ஏன்?

நம்ம ஊர் டிவி முறை பால். 625 கோடு, அதுல படம் இருக்கறது 576 கோடு, நொடிக்கு 25 பிரேம். அமெரிக்கா என்டிஎஸ்சி. 525 கோடு, படம் 480, நொடிக்கு சுமார் 30 பிரேம். கலரைத் தூக்கிட்டு வர்ற அலையும் வேற. பாலுக்கு 4.43 மெகாஹெர்ட்ஸ், அவங்களுக்கு 3.58. மலிவான யூஎஸ்பி கார்டுகளுக்கான டிரைவர்கள் சிலது, சொல்லலைன்னா என்டிஎஸ்சின்னே எடுத்துக்கும். அப்ப கோட்டு எண்ணிக்கை ஒத்துப் போகாம படம் உருளும், கலர் அலையைத் தப்பான இடத்துல தேடி கறுப்பு வெள்ளையாக் காட்டும்.

வி4எல்2-சிடிஎல்னு ஒரு சின்ன நிரல் இருக்கு. அதுல ஸ்டாண்டர்டு பால்னு சொன்ன உடனே படம் நின்னுச்சு, கலர் வந்துச்சு. ஒரு வரி கட்டளை. நைனா பேப்பரை இறக்கினார்.

கலர் இன்னமும் வரலைன்னா இன்புட்டைப் பாருங்க. இந்தக் கார்டுல மஞ்ச பின் காம்போசிட்டும் இருக்கும், எஸ்-வீடியோவும் இருக்கும். நீங்க மஞ்ச பின்னை மாட்டிட்டு கார்டு எஸ்-வீடியோவை எதிர்பாத்தா கறுப்பு வெள்ளையோ வெறும் இருட்டோதான். அதுவும் அதே நிரல்ல ஒரு வரி.

இன்னொரு விஷயம். டப்பா மேல இருக்கற பேரை நம்பாதீங்க. ஈசிகேப்னு ஒரே பேருல, ஒரே மாதிரி டப்பாவுல, உள்ள நாலு விதமான சிப்பு விக்குது. யூஎஸ்பி பட்டியலைப் பாத்தா உள்ள இருக்கறது யாருன்னு தெரிஞ்சிடும். எஸ்டிகே1160 சிப்புக்கு 2012 டிசம்பர்ல வந்த 3.7 கெர்னல்லயே டிரைவர் வந்துடுச்சு. யூடிவி007 சிப்புக்கு 2013-ல வந்த 3.11 கெர்னல்ல. எம்பியா சிப்புக்கு அதுக்கும் முன்னாடியே உண்டு. சோமேஜிக் சிப்பு மட்டும் கெர்னலுக்குள்ள வராம வெளியிலயே நிக்குது. அதனால வாங்கறதுக்கு முன்னாடி சிப்பைக் கேளுங்க, பேரைக் கேக்காதீங்க. நெட்டுல கிடைக்கற பழைய குறிப்புகள்ல டிரைவரை நாமே கம்பைல் பண்ணச் சொல்லிப் பயமுறுத்துவாங்க. அதெல்லாம் அந்தக் காலம்.

லினக்ஸைத் திட்டறவங்களுக்கு ஒரு தகவல். 90-களோட கடைசியில வந்த பிடி878 சிப்பு டிவி கார்டுக்கான டிரைவர் இன்னிக்கும் கெர்னல்ல இருக்கு. அந்த வயசுக் கார்டுக்குப் புது விண்டோஸ்ல டிரைவர் தேடிப் பாருங்க, அப்ப தெரியும்.

குறுக்குக் கோடும் சார்ஜரும்

அடுத்து வந்தது, சாய்வா மெல்லிசாக் கோடுகள், கூடவே மெதுவா நகர்ற ஒரு இருட்டுப் பட்டை. டிவியில மாட்டினா இல்ல, கார்டுல மாட்டினா இருக்கு. "கார்டுதான், மாட்டிக்கிட்டான்"னு நினைச்சேன். சும்மா மடிக்கணினி சார்ஜரைக் கழட்டிப் பாத்தேன். கோடு போயே போச்சு!

மின்சார இரைச்சல் அது. டெக் ஒரு பிளக்குல, மடிக்கணினி வேற ரூம் பிளக்குல இருந்துச்சு. நடுவுல இருக்கற வீடியோ வயர் வழியா 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் எட்டிப் பாக்குது. பேட்டரியிலயே ஓட்டலாம்னா நம்ம பேட்டரி இருபது நிமிஷம் கூடத் தாங்காது. ரெண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுல மாட்டினேன், பட்டை போச்சு. மிச்சம் இருந்த கோடு, டப்பாவோட வந்த நூல் மாதிரி வயரைத் தூக்கிட்டு நல்ல ஷீல்டு வயர் போட்டதும் போச்சு. ஆன்டெனா பின் வழியா எடுக்கறவங்க அதை உடனே நிறுத்திட்டு மஞ்ச பின்னுக்கு வாங்க. படத்தை ஒரு தடவை சேனலா மாத்தி, திரும்பப் படமா மாத்தறது வீண் வேலை.

கோடிக் கணக்கு

நடுநடுவுல படம் கிழியுதா, பச்சையாக் கட்டம் கட்டமா வருதா, சில நொடி காணாமப் போகுதா? அது பைட் நெரிசல். கணக்குப் போடுவோம். ஒரு பிரேம் 720 பெருக்கல் 576, புள்ளிக்கு 2 பைட். மொத்தம் 8,29,440 பைட். நொடிக்கு 25 பிரேம்னா 2 கோடியே 7 லட்சம் பைட். யூஎஸ்பி 2.0-ல இந்த மாதிரி இடைவிடாத ஓட்டத்துக்கு ஒரு எண்ட்பாயின்ட்டுக்குக் கிடைக்கற அதிகபட்ச வழி நொடிக்கு 2 கோடியே 45 லட்சம் பைட்தான். அதாவது ரோடு ஏற்கெனவே நிறைஞ்சிருக்கு. நம்ம எண்ணூர் ரோட்டுல கன்டெய்னர் லாரி நிக்கற மாதிரி :-) இதுல ஒரு ஹப்பு வெச்சு, அதுல கார்டையும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கையும் சேத்து மாட்டினா படம் கிழியாம என்ன பண்ணும்?

கார்டைத் தனி போர்ட்டுல நேரா மாட்டுங்க. எழுதறது உள் டிஸ்க்குல எழுதட்டும். ஒரு மணி நேரத்துக்கு சுமார் 75 ஜிபி ஆகும், மூணு மணிக் கேசட்டுன்னா 225 ஜிபி. பயப்படாதீங்க. எஃப்எஃப்வி1-னு ஒரு கோடெக் இருக்கு. ஒரு பைட் கூட இழக்காம சுருக்கும். 2021-ல அதுக்கு ஐஇடிஎஃப் ஆவணமே வந்தாச்சு, எண் 9043. என் கேசட்டுக்குப் பாதிக்கும் கீழ குறைஞ்சுது. பொட்டி ரொம்பப் பழசா இருந்து திணறுச்சுன்னா ஹஃப்யூவ். அது இன்னும் லேசு, கொஞ்சம் இடம் கூடப் பிடிக்கும்.

இப்ப கடை டிவிடியைப் பாப்போம். 4.7 ஜிபி தட்டுல மூணு மணி நேரம். கார்டுலேருந்து வர்ற தகவல்ல 48-ல ஒரு பங்குதான் தட்டுல இருக்கு. சுருக்கறது தப்பில்ல. அசலை வெச்சுக்கிட்டுச் சுருக்கலாம். அசலே சுருங்கினதுதான்னா அப்புறம் எதைத் திருத்த?

ரெண்டு கை வந்த மர்மம்

பால்ல நொடிக்கு 25 பிரேம்னு சொன்னேனே, உண்மையில அது 50 அரைப் படம். ஒரு அரைப் படத்துல ஒத்தைப்படைக் கோடுகள், நொடியில ஐம்பதுல ஒரு பங்கு கழிச்சு அடுத்ததுல இரட்டைப்படைக் கோடுகள். மேளக்காரர் கை அந்த இடைவெளியில நகர்ந்திருக்கும். கம்ப்யூட்டர்ல ரெண்டையும் ஒண்ணா வெச்சுப் பாத்தா கை ஓரத்துல சீப்புப் பல்லு மாதிரி தெரியும். இது கோளாறே இல்ல, அதோட இயல்பு. கடையில என்ன பண்ணாங்கன்னா ரெண்டு அரைப் படத்தையும் கலந்து ஒண்ணாக்கிட்டாங்க. அதான் ரெண்டு கை. பிரிக்கவே முடியாது இனிமே.

சீப்புப் பல்லை அப்படியே சேமிங்க. பாக்கறதுக்கு மட்டும் ஒரு நகல் எடுத்து, அதுல எஃப்எஃப்எம்பெக்கோட பிடபிள்யூடிஃப் வடிகட்டியை வெச்சு நொடிக்கு 50 படமாப் பிரிங்க. அசைவு தண்ணி மாதிரி வரும். அரைப் படங்களோட வரிசை தப்பாப் போச்சுன்னா ஆளுங்க ரெண்டடி முன்னாடி ஒரு அடி பின்னாடி போவாங்க. வரிசையை மாத்திட்டாப் போதும். முகம் எல்லாம் ஒட்டிப் போய்த் தெரிஞ்சா 4:3-ன்னு சொல்லுங்க. புள்ளிகள் சதுரம் இல்ல, அதான் விஷயம்.

வேட்டி மடிப்பு

இதுதான் எனக்கு ரொம்ப வலிச்சது. கல்யாண வீட்ல வீடியோ லைட்டை மூஞ்சிக்கு நேராப் பிடிப்பாங்க. வேட்டி, சட்டை, வெள்ளைத் தலைப்பா எல்லாம் உச்சத்துல இருக்கும். டிஜிட்டல் வீடியோவுல கறுப்புக்கு 16, வெள்ளைக்கு 235-ன்னு அளவு. கார்டோட கான்ட்ராஸ்ட் இயல்பா வெச்ச அளவுல கூடுதலா இருந்தா, அதுக்கு மேல இருக்கறது எல்லாம் ஒரே வெள்ளையா வெட்டுப்பட்டுடும். வெட்டுப்பட்டதை எந்த எடிட்டிங் சாப்ட்வேரும் திருப்பிக் கொண்டுவராது.

அதனால கேப்சருக்கு முன்னாடியே வி4எல்2-சிடிஎல்ல கான்ட்ராஸ்ட்டையும் பிரைட்னஸையும் இறக்குங்க. கேசட்டுல இருக்கறதுலயே வெள்ளையான இடத்துல நிறுத்தி, வேட்டி மடிப்பு தெரியற வரைக்கும் இறக்கணும். படம் கொஞ்சம் மங்கலா, உப்பு சப்பில்லாமத்தான் இருக்கும். இருக்கட்டும். மங்கலை அப்புறம் ஏத்திக்கலாம்.

உண்மையாவே கேசட்டோட குத்தம்

எல்லாம் முடிஞ்சும் சில விஷயம் இருக்கும். அதை ஒத்துக்கணும். விஎச்எஸ்ல கிடைமட்ட நுணுக்கம் சுமார் 240 கோடுதான். கலருக்கு அதுல இன்னும் கொஞ்சம் இடம்தான். அதனால கூரைப் புடவை சிவப்பு, ஓரம் தாண்டி வழியும். அடியில சில கோடு கலைஞ்சிருக்கும். பழைய டிவி அந்த ஓரத்தை மறைச்சதால நமக்குத் தெரியல. இதெல்லாம் நோய் இல்ல, வயசு.

பனி பெய்யற மாதிரி புள்ளி வந்தா முதல்ல டெக்கோட டிராக்கிங்கைத் திருப்புங்க. அப்புறம் ஹெட். பிளக்கைப் பிடுங்கிட்டு மூடியைத் திறந்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல நனைச்ச வெள்ளைக் காகிதத்தை டிரம்முல ஒட்டின மாதிரி அசையாமப் பிடிச்சு, டிரம்மைக் கையால மெதுவாச் சுத்தணும். மேலும் கீழும் தேய்க்கக் கூடாது, ஹெட் உடைஞ்சிடும். காது குடையற பஞ்சும் வேண்டாம், நார் மாட்டிக்கும். என் பனியில பாதிக்கு மேல இதுலயே போச்சு.

படத்தோட தலை மட்டும் கொடி மாதிரி வளைஞ்சா, நாடா இழுபடறதால ஒவ்வொரு கோட்டோட நேரமும் கொஞ்சம் கொஞ்சம் மாறுதுன்னு அர்த்தம். டிவி அதைப் பொறுத்துக்கும், கார்டு பொறுக்காது. டைம் பேஸ் கரெக்டர்னு தனிக் கருவி இருக்கு, விலை நமக்கு எட்டாது. சில பழைய டிவிடி ரெக்கார்டர் வழியா சிக்னலைக் கடத்தினா ஓரளவு நிமிரும். கேசட்டை ஒரு தடவை முழுசா ஓட்டி, முழுசாச் சுத்திட்டுப் போடுறதும் உதவும். பிரேம் விழுந்தா சத்தமும் படமும் விலகும், அதனால எத்தனை பிரேம் விழுந்துச்சுன்ற எண்ணை எப்பவும் பாத்துக்குங்க.

ஒரே ஒரு எச்சரிக்கை. நாடா ஓரத்துல வெள்ளையாப் பூசணம் தெரிஞ்சா டெக்குக்குள்ள போடாதீங்க. கேசட்டும் போகும், டெக்கும் போகும், அடுத்து போடற நல்ல கேசட்டுக்கும் ஒட்டும். கடல் காத்து ஊருல இது ரொம்ப சகஜம்.

தாத்தாவோட மரு

"இவ்ளோ மெனக்கெடணுமா? இப்பதான் ஏஐ வந்துடுச்சே, போட்டா 4கே ஆக்கிடுமே"ன்னு கிளாஸ்ல ஒருத்தன் கேட்டான். போட்டுப் பாத்தேன். பளபளன்னு வந்துச்சு. தாத்தாவுக்கு இடது கன்னத்துல ஒரு மரு உண்டு. அந்தப் படத்துல இல்ல. இரைச்சல்னு நினைச்சுத் துடைச்சிருக்கு. பதிலுக்கு, இல்லாத புருவ முடியை ஒவ்வொண்ணா வரைஞ்சிருக்கு. அனாமத்துக் கணக்கு கூடப் பரவாயில்ல, வித்தியாசம் இருக்குன்னாவது ஒத்துக்கும். இது போலி வவுச்சர்.

நேரம் இல்லாதவங்க கடையில கொடுங்க, தப்பில்ல. ஆனா மூணு கேள்வி கேளுங்க. அரைப் படங்களைக் கலக்காமத் தருவீங்களா? தட்டா இல்லாம சுருக்காத கோப்பா ஹார்ட் டிஸ்க்குல தருவீங்களா? கேசட்டைத் திருப்பித் தருவீங்களா? இதைக் கேட்டா முறைக்கற கடைன்னா வேற கடை பாருங்க.

ஆனா தள்ளிப் போடாதீங்க. உலகத்துலயே கடைசியா விஎச்எஸ் டெக் செஞ்சுட்டு இருந்த ஜப்பான் புனாய் கம்பெனி 2016 ஜூலையில நிறுத்திட்டாங்க. இப்ப ஓடற ஒவ்வொரு டெக்கும் மிச்ச ஆயுசுலதான் ஓடுது. எங்க ஏரியாவுல 2004 சுனாமியில எத்தனையோ வீட்டுக் கேசட்டு போச்சு. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்துல எண்ணெய் கலந்த தண்ணி வீட்டுக்குள்ள வந்தப்ப இன்னும் கொஞ்சம் போச்சு. பழைய தமிழ்ப் புத்தகத்தைக் காப்பாத்த தரமணியில ரோஜா முத்தையா நூலகம் இருக்கு, யாழ்ப்பாணப் பக்கத்து ஆவணங்களுக்கு நூலகம் நிறுவனம் 2005-லேருந்து வேலை செய்யுது. நம்ம வீட்டு பீரோ மேல இருக்கற கல்யாணக் கேசட்டைத் தேடி யாரும் வரப் போறதில்ல. நாமதான்.

மூணு ஞாயித்துக்கிழமை ஆச்சு எனக்கு. கடைசிக் கணக்கு இதுதான். ஸ்டாண்டர்டு தப்பு ஒண்ணு, பிளக்கு ஒண்ணு, வயரு ஒண்ணு, ஹப்பு ஒண்ணு, கான்ட்ராஸ்ட் ஒண்ணு, அழுக்கு ஹெட் ஒண்ணு. லினக்ஸ் பூஜ்யம், கார்டு பூஜ்யம். அனாமத்துக் கணக்கு மூடியாச்சு.

ஆயாவை உக்கார வெச்சுப் போட்டுக் காட்டினேன். தாத்தா தோள்ல துண்டோட ஊர்வலத்துக்குக் குறுக்கால நடந்து போறார், ஒரு தடவை கேமராவைத் திரும்பிப் பாக்கறார். மரு தெரியுது, வேட்டி மடிப்பு தெரியுது. ஆயா இந்தத் தடவை யாருன்னு கேக்கல. கொஞ்சம் நிறுத்தச் சொன்னாங்க. அவருக்குப் பின்னாடி இருந்த மணலைக் கையால காட்டி, "தோ, இங்கதான்டா வலை காயப் போடுவோம்"னாங்க.

உங்க வீட்லயும் கேசட் இருந்தா எடுத்துட்டு வாங்க மக்களே. டெக் இன்னும் ஓடுது. பூசணம் இருக்கான்னு மட்டும் பாத்துட்டு வாங்க :-)